காது அடைக்காத கடல்

நாள் 23. நேரம் 09:10
நீர் வெப்பம் மைனஸ் 0.8. இறங்கியது ஆறாவது தடவை. நீரில் 31 நிமிடம். வேலை: வழிக்கயிற்றில் ஒட்டிய பனியைச் சுரண்டுதல். முடிந்தது.

எழுதுவது ஜெசிந்தா ரொட்ரிகோ, டைவர், என்செலடஸ் அடிப்பனி நிலையம். சனியின் இந்தச் சின்ன நிலவில், ஐந்து கிலோமீட்டர் பனிக்கட்டிக்கு அடியில் நாங்கள் இரண்டே பேர். மற்றவன் நாச்சிமுத்து, தாராபுரத்துக்காரன், எந்திரங்களைப் பார்ப்பவன். அடுத்த கப்பல் நான்கு மாதம் கழித்து.

நான் தூத்துக்குடியில் இருபது வருஷம் டைவிங் சொல்லிக்கொடுத்தவள். என்னைத் தேர்ந்தெடுத்த குழுவில் ஒருவர், "எல்லாக் கடலும் கடல்தானே" என்றார். அவரை இங்கே ஒரு தரம் இறக்கிவிட வேண்டும். பனியையே காணாத ஊரில் பனிமய மாதாவுக்குத் தேர் இழுத்தவர்கள் நாங்கள். போதும் இழுத்தது என்று மாதா என்னை இங்கே அனுப்பிவிட்டாள் போல.

நாள் 26. நேரம் 11:40
நீர் வெப்பம் மைனஸ் 0.8. எட்டாவது தடவை.

இங்கே ஈர்ப்பு பூமியில் நூறில் ஒரு பங்கு. எவ்வளவு ஆழம் போனாலும் காது அடைப்பதில்லை. ஊர்க்கடலில் ஐந்து மீட்டர் இறங்கினாலே காது சொல்லிவிடும். இங்கே அது வாயே திறப்பதில்லை. மூச்சுக் குமிழிகள்கூட மேலே போக மனமில்லாமல் முகத்தருகே நிற்கின்றன. தடித்த கையுறையில் "எல்லாம் சரி" என்று விரலை வளைத்துக் காட்ட முடியாது. காட்டினாலும் பார்க்க ஆள் இல்லை. ஒரு மீனாவது இருந்தால் அதனிடம் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு பழக்கம் விடமாட்டேன் என்கிறது. குதிக்கும் முன், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கடித்து இரண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது. ஊரில் அது நல்ல பழக்கம். இந்தக் குளிரில் மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, வால்வு திறந்தபடியே நின்றுவிடும். காற்று முழுக்கக் கொட்டிவிடும். தலை நீருக்குள் போன பிறகுதான் முதல் மூச்சு. நாச்சிமுத்து கதவில் எழுதி ஒட்டியிருக்கிறான்: "அக்கா, வாயை மூடிட்டு குதிங்க."

நாள் 31. நேரம் 08:05
நாச்சிமுத்து ஆய்வுக் கூண்டில், காற்று அடைத்த அடி திறந்த அறை அது, கீழே போயிருக்கிறான். நிலையத்திலிருந்து கயிற்று வழியே இருநூறு மீட்டர். கூண்டைத் தூக்கும் வின்ச்சின் பல்சக்கரம் உடைந்துவிட்டது. கூண்டில் ஒருவருக்குப் பதினான்கு மணி நேரக் காற்று. போன் வேலை செய்கிறது.

"பதறாதீங்கக்கா. நான் சொல்லச் சொல்லக் கழட்டுங்க."

கழற்றினேன். இன்னும் இரண்டு பல் போனதுதான் மிச்சம். அவன் கை வேண்டும். கூண்டில் அவனுக்கு டைவிங் உடை இருக்கிறது, சிலிண்டர் இல்லை. இங்கே நிறைந்த சிலிண்டர் இரண்டு. ஒன்றில் நான் போய், மற்றதை அவனுக்குக் கொடுத்துக் கூட்டிவர வேண்டும்.

நேரம் 10:20
போகவில்லை. அவசரத்தில் விளிம்பில் நின்று இரண்டு மூச்சு இழுத்துவிட்டேன். மரத்த விரலால் வால்வை மூடுவதற்குள் ஒரு சிலிண்டர் காலி. திரும்ப நிரப்ப இருபது மணி நேரம் ஆகும்.

போனில் சொன்னேன்.

"விடுங்கக்கா. பழக்கம்னா அப்படித்தானுங்க. இன்னொண்ணு இருக்குதுல்ல?"

திட்டியிருக்கலாம். திட்டாததுதான் தாங்கவில்லை.

நேரம் 13:30
ஒரு சிலிண்டர் ஒருவர் போய்வரத்தான் காணும். போவது நான், வருவது அவன். அவன் மேலே வந்து வின்ச்சைச் சரிசெய்து என்னைத் தூக்குவான். வேறு வழி இல்லை.

10:40க்கே பூமிக்குச் சொல்லியிருந்தேன். இப்போதுதான் பதில் வந்தது: "ஜெசிந்தா, நீங்கள் நிலையத்தை விட்டு இறங்கக் கூடாது. இது உத்தரவு."

எண்பது நிமிடத்துக்கு முன் புறப்பட்ட உத்தரவு. உடையை மாட்டிவிட்டேன்.

நேரம் 14:05. கூண்டு. கைப்பலகையில் எழுதுகிறேன்
சேர்ந்துவிட்டேன். விரல்களில் உணர்வு இல்லை. அவன் அழுதான். நானும்தான். சிலிண்டரை அவன் முதுகில் கட்டினேன். அமராவதி ஆற்றிலும் பயிற்சித் தொட்டியிலும் தவிர அவன் நீந்தியதில்லை. கயிற்றை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தான்.

"கயித்த விட்டுராத. மெதுவா மூச்சு விடு. பயமா இருந்துச்சுன்னா திரும்பி எங்கிட்ட வந்துரு, என்னா?" என்றேன்.

"சரிங்கக்கா."

நேரம் 14:38
கிளம்பிவிட்டான். அவனுக்கு இருபத்தைந்து நிமிடக் காற்று. இருபதில் போய்விடலாம். எனக்கு இங்கே ஏழு மணி நேரம். கயிற்றைப் பிடித்திருக்கிறேன். அவன் காலை உதைக்கும்போதெல்லாம் கைக்கு அதிர்வு வருகிறது.

நேரம் 14:46
அதிர்வு மெலிகிறது. நல்லது. பாதி வழி நெருங்கியிருப்பான்.

ஊரில் இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நீருக்குள் தனியாக இருந்ததில்லை. இங்கே இறங்கும்போதும் மேலே கதவருகில் அவன் இருப்பான். ஜோடி இல்லாமல் இறங்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள். இந்த எட்டு நிமிடமே தாங்கவில்லை. ஏழு மணி நேரம் எப்படி இருக்கப் போகிறேன்?

நேரம் 14:49
நின்றுவிட்டது.

நேரம் 14:50
நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியம். பயம் வந்தால் என்னிடம் வா. ஊரில் அது சரி. அங்கே என் தலைக்கு மேல் வெயிலும் வள்ளமும் இருந்தன. இங்கே காற்று முன்னால் இருக்கிறது. பின்னால் நான் மட்டும்தான்.

போடா, முன்னால் போ என்று சொல்ல வழியில்லை. போன் கூண்டுக்கும் நிலையத்துக்கும் மட்டும்தான். கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் வா என்று அர்த்தம்.

இழுக்கவில்லை. சத்தியமாக இழுக்கவில்லை.

நேரம் 14:53
அதிர்கிறது. மெல்ல. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நேரம் 14:56
வலுக்கிறது. வருகிறான்.

இனி அந்தச் சிலிண்டரில் யாரும் மேலே போக முடியாது. வின்ச்சைத் தொட அங்கே ஆள் இல்லை. இங்கே இருவருக்கு மூன்றரை மணி நேரம்.

இதை எடுத்து வாசிப்பவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் தாயிடம் இதைக் காட்ட வேண்டாம். அவன் விளக்கு தெரிகிறது. நான் கத்த வேண்டும், திட்ட வேண்டும். ஆனால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கடவுளே, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இரு