மூன்றாம் ஓலைக்கு முன்

சேசு மரி சூசை துணை

இராஜாக்கமங்கலம் துறை
28-1-1953, புதன்

அன்பு மகன் கிளீட்டஸுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுக்குத்தான் சுகமில்லை. கொழும்பில் நீ சுகமாக இருக்கவேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் நினைத்துக்கொள்கிறேன். கடலில் மீன்பாடு மோசம், வருவதெல்லாம் பொடி நெத்திலி. உன் அம்மா கல்யாண வேலையில் கால் தரையில் பாவாமல் அலைகிறாள், மருமகளுக்கு எடுத்த சேலையை வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டி மடிப்பே கலைந்துவிட்டது. நீ என்னிடம் சொன்னது எதுவும் அவளுக்குத் தெரியாது. இதைத் தபாலில் போடப் பயந்து, கருவாட்டோடு தூத்துக்குடியில் கப்பலேறும் ரசலையன் கையில் ஒட்டிக் கொடுக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் செல்வதாஸும் ஒரே அறையில் இருப்பது வாடகைக்காக மட்டுமில்லை, ஒருவரை விட்டு ஒருவர் இருக்கமுடியாது என்றாய். உங்கள் தெருவில் அப்படி இருந்த இரண்டுபேரைப் போலீஸ் பிடித்து ஜெயிலில் போட்டதையும், உனக்கு ஏன் இன்னும் கல்யாணமில்லை என்று முதலாளி கேட்கத் தொடங்கியதையும் சொன்னாய். இங்கே ஓடிவந்தாலும் சட்டம் அதேதான். ஒரு பெண்ணைக் கட்டினால் ஊர் வாய் அடைந்துவிடும், அவளுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன், ஆனால் அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்றாய். நீ ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதுமென்று நானும் தலையாட்டிவிட்டு, செசிலி வீட்டில் போய் அவள் மகள் குளோரியைக் கேட்டேன்.

ஆனால் மகனே, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பது உபதேசியாரான என் வேலை என்பதை நீயும் நானும் யோசிக்காமல் போனோம். முதல் ஞாயிறு ஒருவிதமாக வாசித்துவிட்டேன். இரண்டாம் ஞாயிறு, இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடவார்கள், சொல்லாமலிருப்பது பாவம் என்கிற இடம் வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. கோயில் முழுவதையும் பார்த்து நான் கேட்கிறேன், அறிந்தவனோ நான் ஒருவன்தான். இருமுவதுபோல் இருமி ஒப்பேற்றினேன். பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு இருந்த குளோரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் கல்யாணத்துக்கு முந்தி ஜெப மந்திரங்களை ஒப்பிக்க என்னிடம் வந்தாள். தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். கூடவந்த செசிலி மாதா கெபியில் மெழுகுதிரி கொளுத்தப் போன நேரத்தில் நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படாதே, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றாம் ஓலை வாசிக்க என்னால் முடியாது. அவள் அழவில்லை. நான் இருமியபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததாம், கொழும்பில் உனக்கு வேறொரு பெண்ணும் பிள்ளையும் இருக்கும் என்று நினைத்தாளாம். தனக்குப் பிள்ளை உண்டாகுமா என்று கேட்டாள். பிறகு, “இத அவரு எனக்கிட்ட சொல்லணும் மாமா, நீங்க சொன்னது போராது. அவரு எழுதட்டும், பொறவு நான் யோசிச்சு சொல்லுதேன்” என்றாள். யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று மாதா சுரூபத்தைத் தொட்டுச் சொன்னாள். இருந்தாலும் உன் கழுத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேனே என்று எனக்குப் பதறுகிறது. இன்று காலை செசிலி வாசலுக்கு வந்ததும் எல்லாம் வெளியில் வந்துவிட்டது என்று நினைத்தேன், அவள் வெற்றிலை கேட்கத்தான் வந்தாள்.

தொண்டை கட்டியிருக்கிறது என்று சாமியாரிடம் சொல்லி மூன்றாம் ஓலையை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறேன். அதற்குமேல் தள்ளினால் தபசுகாலம் தொடங்கிவிடும், பாஸ்குத் திருநாள்வரை கோயிலில் கல்யாணம் நடக்காது. அதனால் ரசலையன் திரும்பும்போது அவன் கையில் உன் பதில் வரவேண்டும், அதுவும் எனக்கு இல்லை, குளோரிக்கு. பிள்ளை விஷயத்தையும் மறைக்காமல் எழுது. அவள் வேண்டாமென்றால் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்திவிடுவேன், செசிலியின் ஏச்சை நான் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீ என் பிள்ளை, எனக்கு நீ வேண்டும். அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலுக்குத் திரை கட்டுங்கள், கோயிலுக்குச் சேர்ந்து போனாலும் தள்ளித் தள்ளி உட்காருங்கள்.

இன்னொன்றும் அவள் கேட்டாள். செசிலி கூப்பிட்டதும் எழுந்துபோனவள் வாசலில் நின்று, “நான் அங்க வந்தா செல்வதாஸ என்ன முறை சொல்லிக் கூப்பிடணும் மாமா?” என்றாள். அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தேன், கொழுந்தன் என்று சொல்ல வாயெடுத்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. அதை நீங்கள் இரண்டுபேரும் சேர்ந்து யோசித்து அவளுக்கு எழுதுங்கள்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், செல்வதாஸையும் காப்பாற்றட்டும். வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ததேயுஸ் உபதேசியார்