இரண்டு பேருக்கும் ஆட்டிய தலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாகர்கோவிலில் மழை விட்டதா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். நெற்றியில் மூன்று தையல், அவ்வளவுதான்.

நீங்கள் இருபது வருடம் ஓட்டி எனக்குக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் காரை, அரியலூரில் சிமெண்ட் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் விட்டிருந்தேன். என் கையிலிருந்த பணத்துக்கு எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், அல்லது வேறொரு பழைய எஞ்சினை வாங்கி மாற்றலாம். பட்டறைக்காரர் வைரக்கண்ணு பிரிக்கலாம் என்றார். தலையாட்டினேன். மறுநாள், அங்கேயே வேலை செய்யும் அவருடைய மச்சான் சக்தி மாற்றலாம் என்றான். அதற்கும் தலையாட்டினேன். மாணவர்கள் பேசும்போது, கேட்கிறேன் என்பதற்காக நான் ஆட்டும் தலைதான் அது.

சனிக்கிழமை போனபோது இருவரும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.

"மேடம் எங்கிட்டதான்டா சரின்னாங்க!"

"உன் மூஞ்சிக்கா சொன்னாங்க?"

வைரக்கண்ணு ஸ்பேனரால் மச்சானின் வாயில் அடித்தார். பல் தெறித்தது. சக்தி ரத்தத்தைத் துப்பிவிட்டு, சம்மட்டியை எடுத்து எஞ்சின்மேல் நாலு போடு போட்டான்.

"இப்பப் பிரிய்யா பாப்போம்!"

இரும்பு பிளந்து, ஒரு சில்லு என் நெற்றியில் பட்டது. உங்கள் எஞ்சின் இனி இல்லை அப்பா.

காயத்துக்கு நீங்கள் காய்ச்சும் எண்ணெயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு பாட்டில் அனுப்புங்கள். மேலே என் பெயரை உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள்.

இப்போதுதான் வைரக்கண்ணு போன் செய்தார். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க, மேடம்?" என்றார். போனைக் காதில் வைத்தபடி தலையாட்டினேன்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
சுகந்தி
பெரம்பலூர்