பின் கண்ணாடியில் ஒரு பொட்டு

மச்சான்,

போன வாரம் சிரம்பான் பட்டறையில் ரப்பர் பட்டையை வெந்நீரில் ஊறப் போட்டார்கள். சூடான ரப்பர், சோப்பு, கொஞ்சம் பெட்ரோல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. துக்கம் வரும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் வருவது எப்போதும் கோபம்தான்.

உங்கள் காரின் பின் கண்ணாடியை மாற்றினேன். ஒருவழியாக, சரியான கண்ணாடி. அளவு சரி, தடிமன் சரி. நீங்கள் "இப்போதைக்கு" என்று மாட்டிவிட்டுப் போன கண்ணாடி, அதற்கு முந்தின வாரம் லிங்கிச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது குறுக்கே கீறல் விட்டுவிட்டது.

பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, அதைக் கழற்ற ஓரத்தில் விரலை விட்டார். பிளாஸ்டர் வந்தது. உரித்தார். அதற்குள்ளிருந்து பஞ்சு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"யார் மாட்டினது இதை? ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது."

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்," என்றேன். "என் அக்கா வீட்டுக்காரர்."

"கார் கண்ணாடிக்குமா கட்டுப் போடுவார்?"

போடுவார், தவுக்கே. எதற்கும் போடுவார்.

*

ஆயுத பூசையன்று ஆரம்பித்தது. நான் சிங்கப்பூரிலிருந்து பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தேன். புக்கிட் பெலண்டோக் ஊருக்கு உள்ளே, முள்கம்பி வேலிக்குள் தோட்டத்துக் குடியிருப்பு. வேலிக்கு வெளியே ரப்பர் மரம், அதற்கு அப்பால் காடு, காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள். வேலிக்கு உள்ளே, வாழைக்கன்று கட்டிய லாரி, குங்குமம் வைத்த ரப்பர் மெஷின், மாலை போட்ட உங்கள் கறுப்புக் கார். வருஷத்துக்கு ஒருநாள் இரும்பெல்லாம் சாமியாகிவிடும்.

எல்லோரும் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். உங்களுக்கு அது போதவில்லை.

"இந்தக் காலத்துல ஆபத்து முன்னாலயா வருது? பின்னாலதான் சுடுறான். பின்னாலயும் ஒண்ணு உடைக்கணும் மாப்ள."

கோயில் பண்டாரம்கூட யோசித்தார். "அப்படி ஒரு வழக்கம் இல்லையே, டிரஸ்ஸரய்யா."

"இப்போதைக்கு வச்சுக்குவோம்," என்றீர்கள்.

காருக்குப் பின்னால் கருங்கல்லைப் போட்டு, தேங்காயை இரண்டு கையாலும் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தீர்கள். தேங்காய் சிதறியது. அரை மூடி ஒன்று எகிறி நேராகப் பின் கண்ணாடியில் போய் இறங்கியது.

சத்தம். கண்ணாடி சில்லுச் சில்லாக உதிர்ந்தது. மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"திருஷ்டி கழிஞ்சது," என்றார் பண்டாரம். லாரி டிரைவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "பாத்தியா மாப்ள? வர வேண்டியது வந்து போயிருச்சு."

வரவில்லை, மச்சான். நீங்கள் வரவழைத்தீர்கள். அன்றே சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை.

*

சுங்கை காடுட் சாலைத் தடுப்பில் அது யாருக்கும் சிரிப்பாக இல்லை.

மருந்து எடுக்க சிரம்பான் போகிறோம். பின்னால் கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை, விளிம்பில் பல் பல்லாகச் சில்லு. மலாய்க் கார்ப்பரல் சுற்றி வந்து பார்த்தார்.

"யார் சுட்டது?"

"யாரும் சுடல, என்சே. கெலாப்பா."

"என்ன?"

"கெலாப்பா." மலாயில் தேங்காயைச் சொல்லி, நீங்கள் கையால் உருண்டையும் காட்டினீர்கள். மேலே தூக்கிக் கீழே போட்டும் காட்டினீர்கள்.

கார்ப்பரல் என்னைப் பார்த்தார். படித்தவன்போல் இருந்தேன் அல்லவா. "நிஜமா?" என்றார். நிஜம் என்றேன். வாழ்க்கையில் ஒரு நிஜத்தைச் சொல்ல அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வெள்ளைக்காரச் சார்ஜெண்ட் வந்தார். தேங்காயை அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கும் வேலை எனக்கு. விளக்கினேன். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. அவருக்கு உடைத்தது யார் என்பதைவிட ஓட்டைதான் முக்கியம். ஓடுகிற காரிலிருந்தே அதன் வழியாக அரிசிப் பொட்டலத்தைக் காட்டில் இருப்பவர்களுக்கு வீசலாம். கண்ணாடி போடும்வரை இந்தக் கார் தோட்டத்து கேட்டைத் தாண்டக்கூடாது. பலகை கூடாது, சாக்கு கூடாது. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும்.

அங்கேதான் உங்கள் முகம் மாறியது. முதல்முறையாக.

அக்காவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று கைவைத்துப் பார்த்துச் சொன்னவர் நீங்கள்தான். முதல் குழந்தை தோட்டத்து ஆஸ்பத்திரியில், உங்கள் கையிலேயே போனது. இந்தத் தடவை சிரம்பான் என்று முடிவு செய்திருந்தீர்கள். அந்த முடிவில் மட்டும் "இப்போதைக்கு" இல்லை.

லாரி ரேஷன் நாளில் மட்டும் போகும், பலகையில் தூக்கித் தூக்கிப் போடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரைக் கேட்டோம். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி "ஞாபகப்படுத்துறேன்" என்றார். கண்ணாடிக்குச் சிரம்பான் கடையில் விசாரிக்கும்படி லாரிக்காரரிடம் சொன்னோம். இந்தக் காருக்குக் கண்ணாடி சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், வரும், எப்போது என்று தெரியாது என்றார்கள்.

நான் உங்களைக் கேட்டேன். எல்லா வருஷமும் தோட்டத்தில் அவ்வளவு பேர் அவ்வளவு தேங்காய் உடைக்கிறார்கள். ஒருத்தருக்காவது இப்படி ஆனதுண்டா?

"யாரும் பின்னால உடைச்சதில்லையே மாப்ள," என்றீர்கள். பெருமையோடு.

*

ஒரு மத்தியானம் வீட்டுக்குள் வந்தபோது நீங்கள் நாற்காலிமேல் நின்று முருகன் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். கல்யாணத்துக்கு வந்த பெரிய படம். வள்ளி ஒருபக்கம், தெய்வானை ஒருபக்கம். கண்ணாடியில் மூன்று பேருக்கும் அக்கா தினமும் வைத்த குங்குமம், எண்ணெயோடும் சாம்பிராணிப் புகையோடும் கெட்டிப்பட்டிருந்தது.

"சாமி கண்ணாடியவா எடுக்குறீங்க?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"சாமி கொஞ்ச நாள் காத்து வாங்கட்டும்."

"பூச்சி அரிச்சிரும்."

"புதுக் கண்ணாடி வந்ததும் மாட்டிருவேன். இப்போதைக்குத்தான்."

ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை அறுக்கும் சின்ன அரம் ஒன்று உங்களிடம் இருந்தது. அதை வைத்து, மரச்சட்டத்தை அளவுகோலாக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு கீறினீர்கள். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. வெளியே போய் நின்றேன். இருபதாம் நூற்றாண்டின் பாதி முடிந்துவிட்டது, என் அக்காவின் பிரசவம் முருகன் படத்துக் கண்ணாடியிலும் ஒரு விரல்நீள அரத்திலும் தொங்குகிறது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்தேன். உங்கள் குரல் கேட்டது: "மாப்ள, கோணலா இருந்தாலும் வந்திருச்சு!"

கோணல்தான். மூலைகள் பொருந்தவில்லை. ரப்பர் பட்டையின் பள்ளத்துக்குக் கண்ணாடி மெலிசு. பஞ்சு அடைத்தீர்கள். அதன்மேல் லிண்ட் துணி. அதன்மேல் பிளாஸ்டர். புண்ணுக்குப் போடுவதுபோல் ஓரத்தைத் தடவித் தடவி ஒட்டினீர்கள். பிறகு ஸ்பிரிட் தொட்டுக் குங்குமத்தைத் துடைத்தீர்கள். வள்ளியுடையது போனது, தெய்வானையுடையது போனது. நடுவில் இருந்ததைத் தொடும்போது அக்கா துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணாவது இருக்கட்டும்."

அக்காவுக்கு வலி கண்டது பகலில். அது ஒரு நல்லது, நடுராத்திரி என்றால் ஊரடங்கு. நீங்கள் ஓட்ட, நான் பக்கத்தில், அக்கா பின் சீட்டில். குழிக்குக் குழி கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது அக்காவையா கண்ணாடியையா என்று எனக்கே தெரியாது.

சுங்கை காடுட்டில் சார்ஜெண்ட் பின்னால் போனார். குனிந்தார். கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார். ஒரு மூலையில் பிளாஸ்டர் மெதுவாக உரிந்து தொங்கியது. யாரும் மூச்சு விடவில்லை. அக்காவைத் தவிர, அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

நீங்கள் பின்னால் பார்க்கிற முன்கண்ணாடியை என் பக்கம் திருப்பி, என் தொடையில் இடித்தீர்கள். "பாரு மாப்ள."

பார்த்தேன். பின் கண்ணாடியின் குங்குமம் சார்ஜெண்டின் நெற்றிக்கு நேராக விழுந்திருந்தது. வெள்ளைக்கார நெற்றியில், நடுவில், அச்சாக ஒரு பொட்டு.

"இப்ப சொல்லு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

அந்த நேரத்தில், மச்சான். அந்த நேரத்தில் உங்களுக்கு அது தோன்றியது.

போகச் சொன்னார்கள். குழந்தை பிறந்தது. பெண். இரண்டு பேரும் பிழைத்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். என்னைக் கட்டிக்கொண்டிருக்கலாம், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

*

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்டேன். கண்ணாடி வந்ததா? எழுதிப் போட்டிருக்கேன். வந்ததா? இப்போதைக்கு இது நிக்குதே மாப்ள. வீட்டில் முருகன் கண்ணாடி இல்லாமல் வெளிறிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அக்கா காரின் பின் சீட்டில் முழங்காலிட்டுப் பொட்டைப் புதுப்பித்தாள். அந்தக் காரில் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாம்பு கடித்தவர், காலில் கத்தி பட்டவர், காய்ச்சல்காரர்கள். பின்னால் வந்த லாரிக்காரன், சைக்கிள்காரன், கவச வண்டிச் சிப்பாய், எல்லோருக்கும் முன்கண்ணாடியில் பொட்டு. கடுப்போடு நானும் பார்க்கப் பழகிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் வலி. கண் மஞ்சள். இதே மூன்றையும் ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரரிடம் கண்டபோது "பேசாத, கார்ல ஏறு" என்று சட்டையைப் பிடித்து ஏற்றியவர் நீங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருவது என்று எனக்கு விளக்கியவரும் நீங்கள். உங்களுக்கு வந்தபோது?

"கொய்னா மாத்திரை போட்டிருக்கேன் மாப்ள. இப்போதைக்கு அது போதும்."

கொய்னா மலேரியாவுக்கு, இதற்கில்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கே தெரியும். கத்தினேன். அக்கா கத்தினாள். டிஸ்பென்சரியில் ஆள் காத்திருக்கிறார்கள் என்றீர்கள். நிற்க முடியாமல் ஆன பிறகுதான் ஏறினீர்கள். முதல்முறையாகப் பின் சீட்டில்.

நான் ஓட்டினேன். அக்கா தோளில் சாய்ந்துகொண்டு பின்னாலிருந்து வாத்தியார் வேலை பார்த்தீர்கள். "கிளட்ச்ச மெதுவா விடு." "ஹாரன் எதுக்கு, மாட்டுக்கா?" எரிச்சலாக இருந்தது. பேசுகிறீர்களே என்று நிம்மதியாகவும் இருந்தது. முன்கண்ணாடியில் உங்கள் தலை பொட்டை மறைத்துக்கொண்டிருந்தது.

ரந்தாவ் தாண்டி ஒரு வளைவு. நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் தலை இல்லை. பொட்டு மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன.

"ஓட்டு," என்றாள் அக்கா. "நிறுத்தாத."

ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். சுங்கை காடுட்டில் அந்தக் கார்ப்பரல், நாங்கள் போய்ச் சேருமுன்னே கட்டையைத் தூக்கிவிட்டார்.

கருமாதிச் சடங்கன்று அக்காவின் நெற்றியைப் பெண்கள் துடைத்தார்கள். காரின் பொட்டை யாரும் நினைக்கவில்லை.

*

தவுக்கே புதுக் கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, பள்ளத்தில் கயிறு வைத்து, உள்ளிருந்து ஓர் ஆள் இழுக்க, வெளியிலிருந்து தட்டித் தட்டி உட்கார வைத்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா அத்தனை வருஷம்?

பழைய கண்ணாடியைத் தூக்கிக் காட்டி, "வீசிடவா?" என்றார். வாங்கிச் சாக்கில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தேன். கீறல் விட்டதை என்ன செய்வது? இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

ஆமாம், எழுதிவிட்டேன் அந்த வார்த்தையை. நீங்கள் சிரிப்பீர்கள்.

வழியில் கிடுகிடு இல்லை. கார் அவ்வளவு அமைதியாக ஓடுவதை நான் கேட்டதில்லை. எங்கோ எதுவோ கழன்றுவிட்டது என்று இரண்டு தடவை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.

அக்கா வாசலுக்கு வந்து பின்னால் சுற்றிப் போனாள். கண்ணாடியில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. வெறும் நெற்றி. உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். நீங்கள் போனதிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. இப்போதும் குங்குமத்தைத் தொடவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். பிள்ளையின் விரலைப் பிடித்துச் சிமிழில் தோய்த்தாள்.

"அக்கா, நீயே வையேன்," என்றேன். "யார் உன்னைக் கேட்கப் போறா?"

"சும்மா இரு. உன் மச்சான் மாதிரியே பேசாத."

பிள்ளை விரலை ஊன்றி, இழுத்துவிட்டாள். பொட்டு இல்லை, ஒரு சிவப்புக் கோடு. கீழே, ஒருபக்கமாக, கோணலாக.

இப்போது எனக்குச் சிரம்பானில் வேலை, தினமும் நான்தான் ஓட்டுகிறேன். பின்னால் வருகிற யாருடைய நெற்றிக்கும் அது எட்டுவதில்லை. சாலைமேல் விழுகிறது. துடைத்துவிட்டு ஒழுங்காக வைக்கச் சொல்லலாம் என்று துணியை எடுத்தேன். மறுபடி கீழே வைத்துவிட்டேன்.

நேற்றுத் தடுப்பில் புதுப் போலீஸ்காரன் ஒருவன். சின்னப் பையன். டார்ச்சால் அந்தக் கோட்டைச் சுட்டி, "இது என்ன?" என்றான்.

இன்ஜினை அணைத்தேன். நேரமாகும் என்று தெரியும்.

"கெலாப்பா," என்று ஆரம்பித்தேன்.