பூசணிப் பூ வரைந்த ஆஞ்சப்பன்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரேவதிக்கு,

ஹரீஷ் எழுதுவது. பாப்பாவும் அம்மாவும் சுகம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, உனக்குச் சளி தொந்தரவு இல்லையே? சாமல்பட்டி விஜயகுமார் அடுத்த வாரம் லண்டன் வருகிறார். இந்தக் கடிதத்தையும், ராகி மாவு, புளி, நீ மறந்து விட்டுப்போன ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், பயப்படாதே.

பாப்பா கணக்கில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் இனிப்பை ஒளித்து வைத்தால் கோபம் வருகிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மார்க்கெட்டில் அவரைக்காய் வந்துவிட்டது.

நீ சொன்ன வேலையை முடித்துவிட்டேன். உங்கள் நூலகத்தில் ஆஞ்சப்பன் என்று பென்சிலால் பெயர் எழுதிய பழைய பூப்படங்கள் ஒரு கட்டு இருக்கிறது, அவர் அஞ்செட்டி மலைப் பக்கத்து ஆள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்றாய் அல்லவா? காட்டுக்குள்ளே யாரும் பார்க்காத பூக்களாக வரைந்தவர் கடைசியில் ஏன் பூசணி, அவரை, தும்பை என்று வந்து நின்றார், கை தளர்ந்துவிட்டதா, வேறு யாராவது வரைந்தார்களா என்று உன்னோடு அங்கே வேலை செய்பவர்கள் விவாதிக்கிறார்கள் என்றும் சொன்னாய். கையும் தளரவில்லை, வேறு ஆளும் இல்லை.

பைக் எடுக்காமல் பஸ்ஸில் போனேன். தேன்கனிக்கோட்டையில் மாறி, அஞ்செட்டியில் மாறி, நாட்றாம்பாளையம் சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. டீக்கடையில் விசாரித்தால் ஒருவர் கன்னடத்தில் வழி சொன்னார், இன்னொருவர் தெலுங்கில் அதை மறுத்தார். கடைசியில் முனிவேல் என்ற பெரியவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எழுபது வயது இருக்கும். ஆஞ்சப்பனுடைய ஒரே மகளின் பிள்ளை அவர். நீ அனுப்பிய படங்களைப் போனில் காட்டினேன். பெரிய பெரிய காட்டுப் பூவையெல்லாம் சும்மா தள்ளிக்கொண்டே வந்தவர், பூசணிப் பூ வந்ததும் நிறுத்திவிட்டார். "இது எங்க வூட்டுக் கூரை மேல படந்த கொடிங்க. எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன்.

ஆஞ்சப்பனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. பண்ணை வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காலத்தில் காட்டு இலாகா துரை ஒருவர் அஞ்செட்டியில் முகாம் போட்டு மலைச் செடிகளைச் சேகரித்திருக்கிறார். அங்கே செடிகளைக் காகிதத்தில் வைத்து அமுக்கிக் காயவைக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது. மெட்ராஸிலிருந்து வந்த ஓவியருக்கு மலேரியா வந்து பாதியில் ஊர் திரும்பிவிட, அவர் விட்டுப்போன படத்தை இவர் யாரையும் கேட்காமல் முடித்து வைத்திருக்கிறார். அடி விழும் என்று பயந்தாராம். துரை தூரிகைப் பெட்டியையே இவர் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் மலை ஏற இவருக்குக் கால் இல்லையே. ஏறியது இவர் மனைவி சம்பங்கி. மாடு மேய்த்து வளர்ந்தவள், எந்தப் பாறை இடுக்கில் எந்த மாதம் என்ன பூக்கும் என்று தெரியும். விடியலில் போய், பூவை வாடாமல் ஈரத் தேக்கிலையில் சுற்றிக் கொண்டுவருவாள். இவர் உட்கார்ந்து வரைவார். நிறம் தப்பாக வந்தால் அவள்தான் சொல்வாளாம். இப்படியே பல வருஷம் போயிருக்கிறது. நீ பார்த்து வியந்த காட்டுப் பூக்கள் எல்லாம் அவள் கொண்டுவந்தவை.

ஒரு மழைக்காலத்தில், பாறையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூ ஒன்றைப் பறிக்கப்போய் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுப் பார்த்தார்கள், கூடவில்லை. அதன் பிறகு சம்பங்கி நடக்கவில்லை.

அதே சமயத்தில் துரைக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்தது. ஆஞ்சப்பனையும் கூப்பிட்டிருக்கிறார். வீடு தருகிறேன், அங்கே பூக்களே வேறு மாதிரி, நீ வரைந்தால் உன் பேர் நிற்கும் என்றாராம். ஆஞ்சப்பன் கேட்டது ஒன்றுதானாம். "அவள கட்டிலோட தூக்கியாற முடியுங்களா?" மலைப் பாதையில் அது முடியாது, முதலில் நீ வா, பிறகு பார்க்கலாம் என்றார் துரை. இவர் போகவில்லை.

துரை கோபிக்கவில்லை. மிச்சமிருந்த காகிதத்தையும் வண்ணத்தையும் இவரிடமே விட்டுப் போனார். அந்தக் காகிதத்தில்தான் ஆஞ்சப்பன் கட்டிலில் படுத்திருந்த சம்பங்கிக்கு வாசல் வழியாக என்ன தெரிந்ததோ அதை மட்டும் வரைந்தார். கூரையிலிருந்து வாசல் பக்கம் தொங்கிய பூசணி, ராகிக் கொல்லையில் ஊடே போட்ட அவரை, சாணக் குழி ஓரத்துத் தும்பை. காகிதம் தீர்ந்ததும் எல்லாவற்றையும் கட்டி ஒரு காட்டுக் காவலர் கையில் துரைக்கு அனுப்பிவிட்டார். உங்கள் நூலகத்துக் கட்டில் கடைசியாக இருப்பவை அவைதான். பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை. கொல்லைக் காவலுக்குப் போனார், சமைத்தார், அவளைக் குளிப்பாட்டினார்.

இதைக் கேட்டுவிட்டு, நல்ல மனிதர் என்று நான் சொன்னேன். முனிவேல் சிரித்தார். "எங்க பாட்டி அப்படிச் சொல்லலீங்க. சாகற வரைக்கும் திட்டிக்கினே இருந்திச்சாம். 'நான் மலையேறி மலையேறி உன்ன ஒரு ஆளா ஆக்குனேன். எனக்குன்னு உக்காந்து எல்லாத்தையும் கெடுத்துட்டியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா?'ன்னு."

ரேவதி, திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இதே நினைப்புதான். அவர் செய்தது சரி என்று அஞ்செட்டி வரை தோன்றியது. அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் சரி என்று தோன்றியது.

இப்போது என் கை விஷயம். போன மாதம் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வலது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கணுவோடு போய்விட்டன. ஆபரேஷன் நன்றாக நடந்தது, புண் ஆறிவிட்டது. விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். குணமானதும் ஸ்டோர்ஸில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீடியோவில் முகம் மட்டும் காட்டுகிறீர்கள், என்ன ஒளிக்கிறீர்கள் என்று கோபித்தாயே, இதைத்தான். அம்மாவையும் பாப்பாவையும் நான்தான் வாயடைத்து வைத்தேன். அவர்களைத் திட்டாதே. சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாய் என்று தெரியும். ஆனால் உன்னைக் கேட்காமல் உனக்காக நானே முடிவு செய்வதும் ஆஞ்சப்பன் செய்தது போலத்தான் என்று அந்த மலையிலிருந்து இறங்கும்போது உறைத்தது.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து வேலையை முடிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று நீ போனில் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். இரு. ஆஞ்சப்பனைப் பற்றி எழுது. சம்பங்கியின் பெயரையும் சேர்த்து எழுது. அந்தப் பூசணிப் பூப் படத்துக்கு ஒரு நல்ல பிரதி எடுத்து முனிவேலுக்கு அனுப்பு, கேட்டார். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், சோறு வடிக்க இரண்டு விரல் குறைந்தால் ஒன்றும் ஆகாது.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறேன். ராத்திரியில் பாப்பா தூங்கின பிறகு வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. அந்த இரண்டு வருஷத்துக்கு நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பொங்கலுக்கு ஒரு தடவை வா. இந்தக் கையை உன் கையில் வைத்துப் பார். அப்புறம் போ.

நல்லபடியாக இரு.

உன்
ஹரீஷ்