அரை மூச்சு

2023 ஜூலை 2

குழாயில் தண்ணீர் வரவில்லை. பாப்பம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து என்னைத் திட்டினாள். "கட்டின பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை கிடையாது. போன்கிட்ட மட்டும் பேசிக்கினே குந்து."

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். மகள் சங்கமித்ரா இந்தப் போனில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறாள். பேசினால் எழுதிக்கொள்கிறது. வீட்டுப் பேச்சுப் பேசினால் கண்டபடி அடிக்கிறதாம். யூனியன் மேடைத் தமிழில் பேசச் சொன்னாள். மேடைக்குக் கீழே உட்கார்ந்தே பாதி ஆயுசு போயிற்று, அந்தத் தமிழ் எனக்கு வரும்.

மித்ரா பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற டாக்டர். அதிலேயே ஆராய்ச்சியும். தங்கச் சுரங்கத் தூசி தின்ற நெஞ்சு எவ்வளவு விறைத்துப்போகிறது என்று படத்தை வைத்தே அளக்கப் பார்க்கிறாள். மூச்சை முழுசாக இழுத்ததும் ஒரு படம். விட்டதும் ஒரு படம். இரண்டுக்கும் நடுவே நெஞ்சு எவ்வளவு அசைந்தது என்று பார்ப்பாள். நல்ல நெஞ்சு துருத்தி மாதிரி அசையும், தூசி நெஞ்சு அசையாது என்கிறாள்.

இது நன்றாக வந்தால் அவளுக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் வருஷா வருஷம் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். இந்த மாதம் படம் எடுக்கிற வேன் எங்கள் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸுக்கே வருகிறது. ஆள் சேர்த்துக் கொடு நைனா என்றாள்.

ஆள்தான் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஜூலை 9

ஸ்டீவன் வீட்டுக்குப் போனேன். சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் பாறையில் துளை போட்டவன். எங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கேஜ் ஓட்டின டென்சிலும் அங்கே இருந்தான்.

ஸ்டீவன் பிடி கொடுக்கவில்லை. "அந்தக் காலத்து மெடிக்கல் போர்டுல என் தம்பிய எத்தினி தபா படம் புடிச்சானுங்க? நார்மல், நார்மல்னே எழுதினானுங்க. அந்த நார்மலோடவே செத்தான்."

டென்சில் சிரித்தான். "சும்மா வா மேன். என் மூஞ்சிய எந்தப் பொண்ணும் பாக்கல. நெஞ்சையாச்சும் ஒரு டாக்டரு பாக்கட்டும்."

அந்த டாக்டர் என் பொண்ணுடா, என்றேன்.

"உன் பொண்ணுக்காக வரேன்," என்றான் ஸ்டீவன். "படத்துக்காக இல்ல."

ஜூலை 16

வேன் வந்தது. ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தினார்கள். நினைத்ததைவிடக் கூட்டம். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். வரிசையைப் பார்த்துக்கொள் என்று மித்ரா சொன்னதால் படிக்கட்டுப் பக்கம் நின்றேன்.

அரை மூச்சு என்று ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நஷ்டஈட்டுக்காக போர்டு முன்னால் போகிறவனுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். "இழு" என்றால் தோளை நன்றாகத் தூக்கு, வாயைத் திற, உள்ளே விடுவது பாதிதான். அப்படியே பிடித்துக்கொள். படம் பனி மூடின மாதிரி வெள்ளையாக விழும். அப்படிச் செய்யாவிட்டால் ரத்தம் துப்புகிறவனையும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டீவன் என் காதருகே வந்து, "இன்னாடா, பழையபடியா?" என்றான்.

நான் ஒரு நொடி யோசித்தேன். மித்ரா தேடுவது விறைத்த நெஞ்சை. எல்லாம் நல்ல நெஞ்சாக வந்துவிட்டால் அவள் எதை எழுதுவாள்?

பழையபடிதான், என்றேன்.

பேச்சு வரிசையின் கடைசி வரைக்கும் போனது. டென்சில் சேவல் மாதிரி தோளைத் தூக்கிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான். என் முறை வந்தபோது நானும் அப்படியேதான் பிடித்தேன்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்து மித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ பேரு வருவாங்கன்னு நெனைக்கவே இல்ல நைனா."

செப்டம்பர் 24

மித்ரா போனில் பேசினாள். "நான் நெனச்சதவிட ரொம்ப மோசமா இருக்கு நைனா. நம்ம ஆளுங்க நெஞ்சு அசையவே இல்ல." அழுகிற குரல் மாதிரியும் இருந்தது, சந்தோஷக் குரல் மாதிரியும் இருந்தது. டில்லியில் பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் இதைக் கட்டுரையாகப் படிக்கப் போகிறாளாம். நிரந்தர வேலைக்கு அவள் பெயரைத்தான் சொல்கிறார்களாம்.

பாப்பம்மா பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அக்டோபர் 8

வழியில் ஸ்டீவனைப் பார்த்தேன். கண்ணடித்தான்.

நவம்பர் 19

நம் ஆட்களில் கொஞ்சம் பேரை மித்ரா பெங்களூருக்கு வரவழைத்தாள். குழாயில் ஊதுகிற சோதனையாம். அதை வைத்தது வேறு ஒரு டாக்டர். நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்த டென்சில், "பேண்டு செட்டு மாதிரி ஊதினேன் மேன். மிஷினே ஆடிப் போச்சு!" என்று பெருமை அடித்தான்.

ஊதுவதற்கு இவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. உள்ளதை ஊதியிருக்கிறார்கள்.



நவம்பர் 28

மித்ரா அவள் அம்மாவிடம் போனில் பேசும்போது கேட்டேன். நெஞ்சு அசையவில்லை என்று படம் சொல்கிறது. நன்றாக அசைகிறது என்று குழாய் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, படத்தைப் பொறுக்கி எடுத்தாயா, மாற்றினாயா என்று கேட்டாராம். உன் ஊர், உன் அப்பாவும் அதில் ஓர் ஆள், உனக்கு நிரந்தர வேலையும் வர இருக்கிறது — இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினாராம். விசாரணை வைக்கிறார்கள்.

"என்னைத் திருடி மாதிரி பாக்கறாங்கம்மா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை வாங்கிச் சொல்லியிருக்கலாம். வாங்கவில்லை.

டிசம்பர் 1

சொல்லணும். எப்படிச் சொல்றது? உன் படிப்பையெல்லாம் உன் நைனாதான் கெடுத்தான்னா?

டிசம்பர் 4

அவளை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பெங்களூர் போகிற காலை வண்டி ஏறினேன். வழியில் பங்காரப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். எதிர் வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன். எங்கே போனாய் என்று பாப்பம்மா கேட்டாள். சும்மா என்றேன். சும்மா யாரும் டிக்கெட் எடுப்பதில்லை என்றாள்.

டிசம்பர் 6

ஸ்டீவனிடம் சொன்னேன், நான் சொல்லிவிடப் போகிறேன் என்று.

"பைத்தியமாடா உனுக்கு? என் நஷ்டஈட்டு கேஸு இன்னும் கோர்ட்டுல கீது. அரை மூச்சுன்னு நீ வாயத் தொறந்தா, போர்டுல வெள்ளையா விழுந்த படம் அத்தினியும் பொய்னு சொல்லிடுவானுங்க. நெஜமா நெஞ்சு போனவன் நெலம இன்னா?"

"என் பொண்ணு பேரு போவுதுடா."

"உன் பொண்ணு டாக்டரு. எங்கன்னா பொழச்சிக்கும். நாங்க?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் என்னைக் கொல்கிறது. யாரையாவது ஒருவரை நான் கைவிட்டாக வேண்டும். ஏன்டா அன்னிக்கு என் வாய் சும்மா இருக்கல?

டிசம்பர் 10

மித்ரா வந்தாள். மெலிந்துவிட்டாள். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் சரியான நேரத்தில் எடுக்கவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"ஒரு தபா இழுத்துக் காட்டு நைனா. அன்னிக்கு இழுத்த மாதிரியே."

இழுத்தேன். தோள் தானாக மேலே போனது. அவள் என் விலாவில் கை வைத்திருந்தாள். கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். போர்டு, அரை மூச்சு, ஸ்டீவன் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும்.

"அத்தினி பேருமா?"

"அத்தினி பேரும்."

"ஏன் நைனா?"

"உனக்காகத்தாம்மா. நெஞ்சு கெட்டிருந்தாத்தானே உனக்குப் பேரு..."

"எனக்குக் கெட்ட நெஞ்சு வேணாம் நைனா. இருக்கறது இருக்கற மாதிரி வேணும்." லேப்டாப்பை மூடினாள். "மூச்சு உள்ள போகலன்னு படத்திலயே தெரிஞ்சுது. நெஞ்சு விறைச்சதாலதான் போகலன்னு நானே எழுதிட்டேன். நம்ம ஆளுங்களாச்சே. ஏமாத்துவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

பாப்பம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 24

அவள் எழுதிய கட்டுரையை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டாள். விசாரணையில் வந்து சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை, வேறு யாரோ நோயாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

2024 ஜனவரி 18

விசாரணைக்கு என்னோடு டென்சில் வந்தான். ஸ்டீவன் வரவில்லை. நீள மேசை, அந்தப் பக்கம் நான்கு பேர். கன்னடத்தில் கேட்டார்கள், நானும் கன்னடத்திலேயே சொன்னேன். ஒருவர், "மகளைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்கிறீர்களா?" என்றார்.

முன்பு அவளுக்காகப் பொய் மூச்சு விட்டேன், இப்போது அவளுக்காக நிஜம் சொல்கிறேன், எது எது என்று நான் எப்படிக் காட்டுவேன்? மித்ரா ஓரமாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டென்சில் எழுந்து தோளைத் தூக்கி அரை மூச்சு பிடித்துக் காட்டினான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 25

தீர்ப்பு வந்துவிட்டது. மித்ரா ஏமாற்றவில்லை. ஆனால் ஆராய்ச்சி நிறுத்தம். வேனை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். நிரந்தர வேலை இன்னொருவருக்குப் போயிற்று. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைக்கும் இந்த முறை கையெழுத்து இல்லை. தங்கவயல் நெஞ்சுகளை இனி யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்றாள். எங்கள் படத்தை யார் நம்புவார்கள்?

மித்ரா ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்கிறாள். கால் முறிவு, வயிற்றுக் கல். ஒரு நாளைக்கு எத்தனை வந்தாலும் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 17

பாப்பம்மா கூப்பிட்ட குரல் கேட்டு வெளியே வந்தேன். ஸ்டீவன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்ததற்கே உதடு நீலமாக இருந்தது. ஒரு வார்த்தைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நின்று நின்று பேசினான்.

"டேய்... இப்ப நெஜமாவே ஏற மாட்டேங்குதுடா. பெரியாஸ்பத்திரில போன மாசப் படத்தக் காட்டினேன். நீங்க சாம்பியன் ரீப்ஸ் ஆளா, மூச்ச சரியா இழுத்தீங்களான்னு கேட்டு... சிரிக்கறான்."

விசாரணைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

"உன் பொண்ணு... பாக்குமா?"

மித்ராவுக்குப் போன் போட்டேன். ஸ்டீவன் என்று சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவனுடைய மூச்சுச் சத்தம் போனில் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னிக்கே வரேன்னு அவர்கிட்ட சொல்லு நைனா," என்றாள். "எங்கிட்ட மிஷின் இல்ல. காத வெச்சாச்சும் கேக்கறேன்."