முந்நூற்றில் பன்னிரண்டு

பிரிஹிராவுக்கு,

நான் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய். கடிதத்தின் முதல் வரிக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டேன். உன் தங்கை மகனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, உன்னைப் பற்றி அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை.

பள்ளத்தில் தலைமுறைகளாக நிற்கும் கவ்ரி மரத்தின் அடியில் பிசின் கசிகிறது. உன் மாமா இஹாயா செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்காராமல் நின்றுகொண்டே, "போச்சுக்கா, நம்ம கிழவனுக்கும் வேர்நோய் வந்துருச்சு" என்றான். காலில் ஒட்டும் மண்ணோடு நோய் பரவும் என்று அன்றே பெரியவர்கள் காட்டுக்குத் தடை போட்டு, பாதை தொடங்கும் இடத்தில் கயிறு கட்டிவிட்டார்கள், எனக்கும் அனுமதி இல்லை. மறுநாள் உன் கடிதம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் முந்நூறு கன்று வளர்த்தோம், எது தாங்கும் என்று பார்க்க வேரில் நோயை ஊற்றினோம், இருநூற்று எண்பத்தெட்டு செத்தன, பன்னிரண்டு தாங்கி நிற்கின்றன, எவ்வளவு பெரிய வெற்றி பாரம்மா என்று எழுதியிருக்கிறாய். விதை எங்கள் பள்ளத்து மரத்தினுடையது என்பதை மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்கிறாய். எப்போது பொறுக்கினாய் என்று நானேதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். உன் அப்பா இறந்த மூன்றாம் நாள் காலை. அடக்கம் வரை உடல் ஊர்க்கூடத்தில் இருக்கும் நாட்களில் பிள்ளைகள் பக்கத்தைவிட்டு எழக்கூடாது என்று தெரிந்தும், தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்தக் காலை. உன் இடத்தில் உன் சால்வையை மடித்து வைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் பொய் சொன்னேன். கேட்டால் அம்மா கொடுக்கமாட்டாள் என்று நினைத்திருப்பாய். சரிதான், கொடுத்திருக்கமாட்டேன். அன்றைக்குப் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காட்டுக்குள் போனாயா? இஹாயா கேட்கிறான், நானும் கேட்கிறேன்.

மற்ற மரங்களிலும் விதை எடுக்க அனுமதி வேண்டும் என்று உங்கள் ஆய்வுக்கூடம் எழுதியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு. "திருடிட்டுப் போனவ கையில சாவியையும் குடுக்கணுமாக்கும்? பிள்ளைகளுக்கு விஷத்த ஊத்தி பரீட்சை வைக்கிறாளாம், படிச்ச மகராசி!" என்று இஹாயா இப்போதே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து, கொடுக்கலாம் என்றுதான் சொல்லப்போகிறேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த மரத்துக்கு நோய் தாங்கும் வாரிசு என்று இன்றைக்கு இருப்பது அந்தப் பன்னிரண்டுதான். நீ திருடாமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை. இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. செத்த இருநூற்று எண்பத்தெட்டையும் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பதிலில் குப்பை என்ற சொல் இருக்கக்கூடாது.

அந்த ஊர்க் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. முன்னோர்கள் உன்னைக் காக்கட்டும், அவர்களுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். பன்னிரண்டின் கொப்புகளை ஒடித்துச் சுத்தமான மண்ணில் வேர்பிடிக்க வைத்து, அந்தக் கன்றுகளை நீயே எடுத்துக்கொண்டு வா. ஊர்க்கூடத்து வாசலில் நின்று, வருகிறவர்களைக் குரலெடுத்து உள்ளே அழைப்பவள் நான், நான் அழைக்காமல் யாரும் உள்ளே வருவதில்லை. கன்றுகளை அழைப்பேன். உன்னை அழைக்க எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. அதனால் கன்றுகளைக் கையிலேயே வைத்திரு, கீழே இறக்கிவிடாதே.

உன் அம்மா,
ஹுஹானா