எங்கள் தெரு டவர்

அன்புள்ள மலர்,

நான் கூப்பிட்டால் உன் போனை உன் வீட்டுக்காரர் எடுக்கிறார். அதனால்தான் கடிதம்.

நாடு முழுக்க டவர் போட்டுவரும் செல்போன் கம்பெனி, நம் ஊரில் மேடான இடமென்று என் மாடியைக் கேட்டது. அன்றே உன் வீட்டுக்காரர் வந்தார்.

"டவரு எங்க வூட்டு மேலதான் வரணும். உன் புருஷன் மைன்ஸ்ல என்கிட்டதான் கான்ட்ராக்ட் வேலை பாத்துக்கினு இருக்கான்."

"வேலைய நிறுத்திக்குங்க. மாடி என்னுதுங்க" என்றேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

இந்த வாரம் என் கணவருக்கு ஷிப்ட் இல்லை. இருக்கட்டும்.

உன் கிரகப்பிரவேசத்தில் எனக்கு மட்டும் வாசலில் இலை போட்டீர்கள். நீ தலை குனிந்து நின்றாய். இனி உன் பூஜை அறை வரைக்கும் எங்கள் தெருவிலிருந்துதான் சிக்னல் வரும். அதை வாசலில் நிறுத்தச் சொல்.

இப்படிக்கு,
நெய்வேலிப் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்